எங்கள் வீட்டுக் கீசரின் இரண்டாவது சத்தம்

மதுரையில் இருந்துகொண்டு வெந்நீருக்கு ஒரு கீசர் வைத்திருக்கிறோம் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகலில் எங்கள் குளியலறைக் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டு வடிகட்டிக் குடித்துவிடலாம். அந்த நாட்களில் குளிப்பதற்கான தண்ணீரை விடிவதற்குள் வாளியில் பிடித்து ஆறவைத்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் பதினைந்து லிட்டர் கீசர் ஒன்று வெள்ளைவெளேரென்று தொங்கிக்கொண்டிருக்கிறது.

காரணம் என் வலது தோள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் அறிவியல் டீச்சர். கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதி எழுதித் தோள் இறுகிப்போய், ஒரு கட்டத்தில் தலையை வாருவதற்கே கை எழும்பவில்லை. தினமும் காலையில் தோளில் வெந்நீரை ஊற்றுங்கள் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே என் கணவர் கீசரோடு வந்து நின்றார். ‘வலிக்குதா’ என்று கேட்கத் தெரியாத மனிதர் அவர். அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிடுவார்.

முதல் ஆறு மாதம் கீசர் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில், உள்ளே யாரோ சரளைக்கல்லைச் சல்லடையில் அரிப்பதுபோலக் கடகடவென்று ஒரு சத்தம். தொடர்ந்து சுவரும் சேர்ந்து உறுமும். சோப்பு டப்பா தானாக நகர்ந்து கீழே விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கான காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பகுதியில் நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளியலுக்கு போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அந்த உப்பெல்லாம் கீசருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின்மேல் ஏடு ஏடாகப் படியும். ஏட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அங்கேயே கொதித்துக் குமிழாகி உடையும். ஆயிரம் குமிழ் ஒரே நேரத்தில் உடைந்தால் சரளைக்கல். எட்டாம் வகுப்பில் ‘ஒலி’ பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் இதைக் கணவரிடம் விளக்கப் போனேன்.

“நீ ஒண்ணும் சொல்லாத. சுவிட்சப் போடு” என்றார்.

இந்தப் பதில் புரிய வேண்டுமானால் அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் அவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவருடைய பெயரே அவருடைய காதுதான். வண்டி திருப்பத்தில் வரும்போதே, கையில் டீ கிளாஸோடு, தலையைக்கூடத் திருப்பாமல், ‘பின்னாடி பேரிங் போச்சு’ என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அந்தப் புகழில் கடைக்கு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வண்டிக்கு என்ன கோளாறு என்று யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. நாடி பார்க்கிற வைத்தியரிடம் கையை நீட்டுவதுபோல, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொல்வார். அவர் ஒன்றும் சொல்லவில்லையென்றால் வண்டியில் ஒன்றும் இல்லை. புதிதாக வந்தவர் யாராவது விவரம் தெரியாமல் ‘அண்ணே, முன்னாடி ஏதோ சத்தம்’ என்று தொடங்கினால், பக்கத்தில் நிற்கிறவர்களே அவர் கையைப் பிடித்து அமுக்குவார்கள். “நீ சும்மா இரு மாப்ள, அண்ணன் சொல்லுவாரு.”

இந்த வழக்கத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். மிக்ஸி கெட்டுப்போனால் என்ன ஆயிற்று என்று நான் சொல்லக்கூடாது. போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் எனக்கு நகர்ந்து நகர்ந்தே பழகிப்போயிற்று.

சுவிட்சைப் போட்டேன். தலையைச் சாய்த்தார். “உப்புக் கட்டியிருக்கு. போக, கிளாம்பு லூசு. அதான் செவுரு அதிருது.” நான் அரைப் பீரியடுக்கு நடத்தவிருந்ததை நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, கம்பியை வெளியே எடுத்தார். கடலை மாவில் முக்கிப் பொரித்த பஜ்ஜி மாதிரி இருந்தது அது. சுரண்டி, வினிகரில் ஊறப்போட்டு, தொட்டியின் அடியிலிருந்து அரை மக்கு வெள்ளைக் காரையை அள்ளிக் கொட்டினார். திரும்ப மாட்டும்போது, கிளாம்புக்கும் சுவருக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டிச் செருகினார், அதிர்வு சுவருக்குப் போகாமல் இருக்க. கடைசியாகச் சூட்டின் அளவைக் குறைத்துவைத்தார். “இம்புட்டுச் சூடு எதுக்கு? கோழி உரிக்கப் போறியா? சூடு கூடக்கூட உப்பும் கூடத்தான் கட்டும்.”

சரளைக்கல் சத்தம் அடியோடு போய்விட்டது. இதைத் தெரு முழுக்கச் சொன்னார். கீசர் கம்பெனிக்காரனே தன்னிடம் வந்து பாடம் கேட்க வேண்டும் என்பதுவரை போயிற்று. சரி, சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது நாள் இரண்டாவது சத்தத்தைக் கேட்டேன். பெரிய சத்தம் போனதால்தான் இது தெரிந்ததோ, இல்லை புதிதாக வந்ததோ தெரியாது. மெல்லிசாக, கூர்மையாக, பல்லிடுக்கில் காற்றை இழுப்பதுபோல ஒரு விசில். தண்ணீர் சூடேறி முடிகிற நேரத்தில் தொடங்கும். குழாயைத் திறந்தால் நிற்கும். மூடினால் திரும்ப வரும்.

“ஏங்க, கீசரு விசிலடிக்குது.”

வந்தார். தலையைச் சாய்த்தார். அவர் தலைக்கு ஒரு முழம் மேலே கீசர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்லையே” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரிசெய்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னபிறகு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அதுதான் என்று நினைத்தேன். நாலு நாள் இதே பேச்சு. “சாக்பீசு கிறீச்சுக் கிறீச்சுங்கிறதக் கேட்டுக் கேட்டு, ஒன் காதுல அந்தச் சத்தமே தங்கிப்போச்சு டீச்சரம்மா” என்று கிண்டல் வேறு. ஐந்தாம் நாள் பஞ்சாயத்து வைத்தேன்.

எங்கள் மாடியில் ஒரு பாய் குடும்பம் குடியிருக்கிறது. அவர் தெற்குவாசலில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டு, குளியலறை வாசலில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன். சொல்லிவைத்தாற்போல விசில் வந்தது. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய் கீசரைப் பார்க்கவில்லை, என் கணவர் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே” என்றார்.

அவர் மனைவி குளியலறை வாளியைப் பார்த்துக்கொண்டே, “மெஷின் விசயமெல்லாம் நமக்கு எங்கக்கா தெரியுது” என்றார்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றுப்போனேன். தோற்றதுகூடப் பரவாயில்லை, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயதாக ஆக மேல்ஸ்தாயி ஒலிகள் முதலில் மறையும் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள் நான். ஒரு மனிதருக்கு ஒரு சத்தம் கேட்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது யார் காதை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் என் காதைச் சந்தேகப்பட்டேன். அவர் காதைச் சந்தேகப்படுவது என்பது எங்கள் தெருவில் யாருக்கும் வராத யோசனை. அந்தத் தெருவில்தான் நானும் குடியிருக்கிறேன்.

காது டாக்டரிடம் போனோம். ‘போனோம்’ என்பதில் அவரும் அடக்கம். என் காது போய்விட்டது என்று டாக்டர் வாயால் கேட்பதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பரிசோதிக்கிற பெண் என்னைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அமுக்கினேன். வெளியே வந்ததும், “உங்களுக்கு நல்லா இருக்கு டீச்சர்” என்றார் அந்தப் பெண்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஜெயித்த திமிரில் வாய் சும்மா இருக்கவில்லை. “வந்ததே வந்துட்டோம், நீங்களும் ஒரு தடவ உக்காருங்களேன்” என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே அவர் பட்டனை அமுக்கினால் வெளியே பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரியும். கனமான ஒலிகளுக்கெல்லாம் விளக்கு டக்கு டக்கென்று எரிந்தது. ஒலியின் அதிர்வெண் ஏற ஏறத் தாமதமாக எரிந்தது. பிறகு எரியவே இல்லை. அந்தப் பெண் ஒலியைக் கூட்டி அனுப்பினார். இன்னும் கூட்டினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் கணவர் தலையை வழக்கம்போலச் சாய்த்து, கட்டைவிரலைப் பட்டன்மேல் தயாராக வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்துகொண்டிருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது.

“பேசுறதெல்லாம் ஓரளவு கேக்குறதால சாருக்குத் தெரிஞ்சிருக்காது. மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம்தான் போயிருக்கு” என்றார் அந்தப் பெண். “சார் என்ன தொழில் பண்றீங்க?”

“சத்தந்தாம்மா தொழிலு” என்றார் அவர்.

கம்ப்ரசரும், சைலன்சரைக் கழற்றிவிட்டு முறுக்குகிற எஞ்சினும் முப்பது வருடமாக அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கின்றன. போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். வண்டியில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “கடைப் பக்கம் யாருக்கும் தெரிய வேணாம்.” சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தக் காதை எடுத்துவிட்டால் அவர் கடை ஸ்பேனர் வைத்திருக்கிற இன்னொரு கடை.

அதன்பிறகு கீசர் பாட்டுக்கு விசிலடித்தது. நான் பாட்டுக்குக் குளித்தேன். இரண்டு வாரம் கழித்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பாய் மனைவி பக்கத்துக் கொடிக்கு வந்தார்.

“அக்கா, அந்தக் கீசரு இன்னும் விசிலடிக்குதுல்ல?”

“எந்த விசிலு?” என்றேன். நானும் தேறிவிட்டேன்.

“மேல எங்களுக்கே கேக்குதேக்கா.”

“அன்னைக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னீக.”

“அண்ணன் இல்லங்கிறாரு. அண்ணன் மொகத்துக்கு நேரா எப்பிடிக்கா இருக்குன்னு சொல்றது?” என்றவர், மனசில் இருந்த இன்னொன்றையும் அப்படியே போட்டு உடைத்தார். பாயின் பைக்கில் ரொம்ப நாளாக ஒரு சத்தம். இப்போது அவனியாபுரத்தில் வேறு யாரிடமோ விடுகிறார். அங்கேயும் சரியாகவில்லை.

“இவருகிட்டக் காட்டலையா?”

“காட்டுனாக. ஸ்டார்ட் பண்ணி நின்னாகளாம். அண்ணன் நல்லா இருக்குன்னுட்டாராம்.” ஒரு தலையணை உறையை எடுத்துத் தேவைக்குமேல் உதறினார். “விடுங்கக்கா.”

யோசித்துப் பார்த்தேன். பால்காரர் வண்டி கடைக்கு வந்து எத்தனை நாளாயிற்று? கோயில் பக்கத்துப் பூக்காரர், கடை வாசலைக் கடக்கும்போது மட்டும் ஏன் வேகமாகப் போகிறார்? தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிக்னலில் நான் சொன்ன ‘சரி’யைக் காப்பாற்றினால் கடை போய்விடும். காப்பாற்றாவிட்டால் அவர் மனசு உடையும். மத்தியானம் சாப்பிட வந்தபோது, ஆட்கள் கடைக்கு வராமல் ஒதுங்குவதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

ரசம் ஊற்றிக்கொண்டார். “எத்தன பேரு?”

“எனக்குத் தெரிஞ்சு மூணு.”

சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கீசரைப் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “வா இங்க” என்றார். போனேன்.

“சொல்லு.”

“என்ன சொல்ல?”

“என்ன மாதிரி சத்தம் வருதுன்னு சொல்லு.”

இருபத்துநான்கு வருடத்தில் ஒரு மெஷினுக்கு என்ன கோளாறு என்று அவர் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். பல்லிடுக்கில் காற்று இழுப்பதுபோல என்றேன். எப்போது ஆரம்பிக்கிறது, குழாயைத் திறந்தால் உடனே நிற்கிறதா, மெதுவாக நிற்கிறதா, மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பிள்ளை மாதிரி நான் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவர் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“சேஃப்டி வால்வு. வாயில உப்பு அடைச்சிருக்கு. தண்ணி சூடாகிப் பெருகையில, அந்தச் சந்து வழியாப் பிதுங்குது. இத அடைக்கக் கூடாது, மாத்தணும்.”

சாயங்காலம் மாற்றினார். சுவிட்சைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சூடேறி விளக்கு அணைந்தது. “நின்னுருச்சா?” என்றார்.

“நின்னுருச்சு.”

“நெசமாவா?”

“நெசமா.”

தலையை ஆட்டினார். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாடிப்படி அடியில் நின்று, “பாய், வண்டியக் கடைக்குக் கொண்டாங்க” என்றார். என்னையும் வரச் சொன்னார். கடை வாசலில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பால்காரரும் அதில் இருந்தார். பாய் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்துவிட்டு, வழக்கப்படி ஓரமாக ஒதுங்கினார்.

“ஒதுங்காதீங்க. என்ன சத்தம் வருதுன்னு சொல்லுங்க.”

பாய் திகைத்துப்போனார். “ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத்தான் ஓடுது.”

எஞ்சினுக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பைக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே காது கூசியது. டீ குடித்தவர்கள் கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

“நீ சொல்லு” என்றார் என்னிடம்.

சொன்னேன். முறுக்கி விடும்போது கூடுகிறது என்பதையும் சொன்னேன்.

“எஞ்சினுக்குள்ள டைமிங் செயின் லூசாயிருக்கு” என்றார் அவர். “எம்புட்டு நாளா இருக்கு பாய்?”

“ஆறு மாசம் இருக்கும்ணே.”

“ஆறு மாசமா இத வச்சுக்கிட்டு ஏன்யா சொல்லல?”

பாய் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “அப்பவே கொண்டாந்து ஸ்டார்ட் பண்ணி நின்னேண்ணே. தலையச் சாச்சுக் கேட்டீங்க. ‘நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க’ன்னீங்க. ஒங்களுக்குக் கேக்காம இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்லண்ணே. கேட்டும், கோளாறு முத்திப் பெரிய வேலையா வரட்டும்னு தெரிஞ்சே விட்டுட்டீங்கன்னு நெனச்சுட்டோம்.”

நினைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நினைத்துவிட்டோம் என்றார். பால்காரர் தலையைத் தூக்கவில்லை. யாரும் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவர் காதைச் சந்தேகப்படத் தெரியாத தெரு, ஆறு மாதமாக அவர் நாணயத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறது.

அவர் முகம் ஒரு நொடி வெளிறிப்போனது. பிறகு எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “பாய், எனக்குக் காது போச்சு. மெல்லிசுச் சத்தம் எதுவும் கேக்காது” என்றார். பாய் அவசரமாக வண்டியை அணைத்தார். தெரு அமைதியானதும், யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காதோ என்று, அவர் அதை இன்னொரு முறை சொன்னார்.